சப்பாத்துக் கழட்ட இடம்

நவம்பர் 9, ஞாயிறு. கிரின்ஸ்டெட்.

எங்கள் சபை வாங்கிய பழைய தச்சுப்பட்டறையை ஜெபமண்டபமாக மாற்ற நான்தான் படம் வரைந்தேன். இன்று ஆராதனை முடிந்ததும் மேசையில் விரித்தேன். வாசலின் வடிவம் மட்டும் என் ஆங்கிலேயருடையது. தேவாலயங்களும் நாட்டுப்புற மாளிகைகளும் கட்டிய அந்தப் பழைய கட்டடக் கலைஞரைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதினேன். ஒடுக்கமான, தாழ்ந்த வாசல். குனிந்து நுழைந்தால் உள்ளே உயரமும் வெளிச்சமும்.

சபையின் மூத்தவர் செல்வம் அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு, தங்கச்சி. எண்பது பேர் சப்பாத்தை எங்கை கழட்டுறது?"

நான் படத்தில் இடம் தேடினேன். அவர் விடவில்லை.

"உன்ரை வெள்ளைக்காரர் சப்பாத்தோடையே பரலோகம் போயிட்டார் போல."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடமாக ஜெபத்துக்கு முன் சப்பாத்துக் கழட்டுகிறவள் நான். எப்படி மறந்தேன்?

"வாற ஞாயிறு வேறை படம் கொண்டு வாறன்" என்றேன். இல்லாவிட்டால் கடையில் விற்கும் கண்ணாடிக் கதவைப் பொருத்திவிடுவார்கள்.

பின்னேரம் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். மாளிகைகளின் பக்கவாசலில் அவர் ஒரு சிறிய அறை வைத்திருக்கிறார். வேட்டையாடி வருகிறவர்கள் உட்கார்ந்து சேற்றுச் சப்பாத்தைக் கழட்ட ஒரு நீண்ட கல்வாங்கு. தேவாலயத்துக்கு நடந்து வந்தவர்களின் சேறு அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பாவம், மனுசன்.

புதுப் படத்தில் அந்த வாங்கை மாளிகையிலிருந்து எடுத்து எங்கள் வாசலுக்குள் வைத்தேன். கீழே சப்பாத்துத் தட்டு. தாழ்ந்த வாசலை விட்டுக்கொடுக்கவில்லை.

செல்வம் அண்ணைக்கு முழங்கால் நோ. ஒவ்வொரு ஞாயிறும் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுதான் கழட்டுவார். வாங்கை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தியிருக்கிறேன். ஏன் என்று அவருக்குச் சொல்லப் போவதில்லை.