வெடிக்காத தூள்

12-3-1996, செவ்வாய்

கிணற்றுப் பாறைக்கு வெடிமருந்து வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது அதுதான். பாறை உடைக்கும் மாரப்பன் வேறொரு தூள் வாங்கிவந்தார். தண்ணீரில் கரைத்து, பாறையில் துளைத்த குழியில் ஊற்றினால், சத்தமே இல்லாமல் உப்பிப் பாறையைப் பிளக்குமாம்.

"இது வெடிக்காதுங்க அம்மணி, பயப்படாதீங்க" என்றார்.

இன்று குழியில் ஊற்றியது வெயிலில் சூடேறி, குனிந்து பார்த்த மாரப்பனின் முகத்தில் பீச்சியடித்தது. குடம்குடமாக ஊற்றிக் கழுவினேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்றார்கள்.

மாரப்பன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட ஊட்டுக்கு வாராருங்கக்கா, அது போதுமுங்க."

வெள்ளகோவில் வரை பஸ்ஸில் தனியாக வந்தேன். வழியெல்லாம் அவள்மேல் பொறாமையாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?