சுருட்டை எழுதிய நிரல்

மார்ச் 4, செவ்வாய்

அந்த வேலை சுருட்டைக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் தங்கள் தள்ளுபடி விதியைத் தாங்களே எழுதுவார்கள். க்ளோஜர் என்ற கணினி மொழியில் எழுதிய எங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் படித்து இயக்க வேண்டும். எத்தனை நாளாக நான் கேட்ட வேலை! நேற்றுச் சேர்ந்தவள், தலை நிறையச் சுருட்டை முடி, அவளுக்கு. "நீங்க ஏற்கெனவே நிறைய பாக்கறீங்களே" என்றார் மேலாளர். அக்கறையாம். வயிறு எரிகிறது.

மார்ச் 6, வியாழன்

அவள் திரையில் எல்லா விதியும் ஓடுகிறது. சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

சோதனை சர்வரில் ஏற்றினார்கள். ஒரு விதிகூட ஓடவில்லை. 'தள்ளுபடி' என்ற பெயரே தெரியாது என்கிறது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

காரணம் பளிச்சென்று தெரிந்தது. அவள் சோதித்தது தன் கன்சோலில், அதாவது வரியைத் தட்டியதும் ஓட்டிக் காட்டும் திரையில்; அதுவும் நாங்கள் வைத்த பெயர்களெல்லாம் இருக்கும் எங்கள் பெயர்வெளிக்குள் இருந்துகொண்டு. சர்வர் ஒவ்வொரு வேலையையும் ஓட்டத் தனியாகத் திறக்கும் புது த்ரெட்டோ, மொழியோடு வந்த பெயர்கள் மட்டுமே உள்ள மூலப் பெயர்வெளியில் நிற்கிறது. எங்கள் பெயர்கள் அதற்கு எப்படித் தெரியும்? எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "புது த்ரெட்டு நம்ம பெயர்வெளியில இல்லம்மா. உள்ள போனதும் முதல்ல அதை மாத்திடு."

மாற்றினாள். அதுவும் விழுந்தது. கன்சோல் தனக்கென்று ஒரு பெயர்வெளியைக் கட்டி வைத்திருக்கும், மாற்றலாம். புது த்ரெட்டுக்கு அப்படிச் சொந்தமாக ஒன்றும் கிடையாது; எல்லோருக்கும் பொதுவான மூலத்தைத்தான் பார்க்கிறது, அதை மாற்ற மொழி விடாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் முந்திக்கொண்டது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 11, செவ்வாய்

சரிசெய்துவிட்டாள். விதியை இயக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் த்ரெட்டுக்கு எங்கள் பெயர்வெளியைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரே வரி. நான் சொல்லியிருக்க வேண்டிய வரி.

கூட்டத்தில், "அக்கா காரணத்தைச் சொல்லலைன்னா இன்னும் தேடிட்டுதான் இருப்பேன்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெருந்தன்மையும் இவளுக்கே வேண்டுமா?

வீட்டில் பொரிந்து தள்ளினேன். "அந்தப் பொண்ணு உனக்கு என்னதான் பண்ணா?" என்றார் இவர். ஒண்ணும் பண்ணலையே, அதானே தாங்க முடியல!

மார்ச் 13, வியாழன்

அவள் நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் ஒப்புதல் இல்லாமல் அது வெளியே போகாது. அவளே கேட்டாளாம், "அக்கா பாத்தா நிம்மதி" என்று.

குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். வெவ்வேறு கடைகளின் விதிகளை ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகளில் ஓடவிட்டேன். சாப்பிடக்கூட எழவில்லை. ஒன்றும் விழவில்லை.

ஒப்புதல் கொடுத்தேன். குறிப்பில் 'சரி' என்று போட்டேன். அனுப்பும் முன் அதை அழித்துவிட்டு, 'அழகாக எழுதியிருக்கிறாய்' என்று எழுதினேன். உண்மை அதுதான், என்ன செய்ய?