பன்னிரண்டாம் குரோமோசோம்

செவ்வாய்க்கிழமை இரவு

கௌதள்ளியிலிருந்து வந்த அந்தக் கொத்தனாருக்கு இருபத்தெட்டு வயதுதான். வயிற்றுக்குள், பின்பக்கமாக ஒரு கட்டி. எங்கே தொடங்கிய புற்று என்று தெரியாமல், கட்டியின் துணுக்கை எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

செல்களில் பன்னிரண்டாம் குரோமோசோமின் குட்டைக் கை, அதாவது அதன் நீளம் குறைந்த பாதி, அளவுக்கு மீறி இருந்தது. பெரும்பாலும் ஆண்களின் விதையில் தொடங்கும் புற்றில்தான் இப்படி வரும். ஆனால் கோப்பில் வார்டு டாக்டர் "விதைகள் இயல்பு" என்று எழுதியிருந்தார். லேபிள் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தில் நேற்று அதே கட்டியின் இன்னொரு துணுக்கைச் சோதனைக்கு வைத்தேன். இன்று காலையும் அதே முடிவு.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"லேபிள்தான் மாறியிருக்கும் மேடம். நானே பாத்தேனே."

நான் விடவில்லை. மதியம் ஸ்கேன் எடுத்தார்கள். இடது விதையில் சின்னக் கட்டி.

வார்டுக்குப் போய் கொத்தனாரிடமே கேட்டேன். "டாக்டர் அங்க பாத்தாரா?"

"இல்லீங்கக்கா. வயித்தத்தான் அமுக்கிப் பாத்தாருங்க. எனக்கும் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

இந்த வகைப் புற்று மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் கோப்பைத் திறந்தேன். "இயல்பு" என்றிருந்த பக்கம் இல்லை. அதே டாக்டரின் கையெழுத்தில், கொத்தனார் வார்டில் சேர்ந்த நாளின் தேதி போட்டு, "இடது விதையில் கட்டி" என்று புதுப் பக்கம் இருந்தது. பழைய பக்கத்தின் நகல் என்னிடம் இல்லை.

டாக்டர் பார்க்காமலே "இயல்பு" என்று எழுதியது இந்தக் கொத்தனார் ஒருவருக்கு மட்டும்தானா?