எண்பது கூப்பன் மிச்சம்

4-3-86 செவ்வாய்

வெயில் இப்போதே தாங்கவில்லை. பட்டறைத் தகரம் பதினோரு மணிக்கே கொதிக்கிறது. லாரி டீசல் பம்ப் இரண்டு அளவு வைத்து முடித்தேன். மூன்றாவது தேய்ந்து போனது. மாற்ற வேண்டும் என்றால் டிரைவர் நம்பவில்லை. போகட்டும். லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது நம்புவான்.

கூப்பன் எண்ணியாயிற்று. 171. இரண்டு வருஷமாக ஆயில் பீப்பாய் மூடிகளிலிருந்து கிழித்துச் சேர்த்தது. இந்த மாதம் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் குப்பை.

ஆயில் கம்பெனி விதி: விமான டிக்கெட்டுக்கு 80 கூப்பன். அதே விமானத்தில் கூட ஒருவர் வந்தால் அவருக்கு மட்டும் இரட்டிப்பு, 160. சேர்ந்து போனால் 240. ஆளுக்கு ஒரு நாளாகப் போனால் 160 போதும். இந்த விதியை எழுதியவன் மடையன், அல்லது கல்யாணம் ஆகாதவன்.

முடிவு: பூங்கொடி வியாழன், நான் ஞாயிறு. கோவையிலிருந்து பம்பாய். அவள் அக்காவுக்கு இந்த மாதக் கடைசியில் அங்கே பிரசவம். துணைக்கு இவள் போகத்தான் வேண்டும். எனக்கும் அங்கேதான் திங்கள் முதல் பதினைந்து நாள் பம்ப் பயிற்சி. நான் முதலில் போனால் இவளைக் கோவையில் ஏற்றிவிட ஆள் இல்லை. அங்கே இறக்கிக்கொள்ளச் சகலை இருக்கிறார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், கார் கொண்டு வருவார். கடிதம் போட்டாயிற்று.

அம்மா சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ஏஞ்சாமி, கட்டி எட்டு மாசம் ஆகுல. பொண்டாட்டியத் தனியா ஆகாசத்துல அனுப்பறவன் இந்தச் சங்ககிரியில எவனாச்சும் இருக்கானா?"

"சங்ககிரியில விமானத்துல போனவனே இல்லம்மா."

"ரயிலு எதுக்கு இருக்குது? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து போங்களேன்."

171 கூப்பனைக் குப்பையில் போட்டுவிட்டு ரயில். விளக்கிப் பயனில்லை.

பூங்கொடியைக் கேட்டேன். "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வாதாடி ஜெயித்திருப்பேன். இதற்கு என்ன வாதாடுவது?

5-3 புதன்

காற்றே இல்லை. பட்டறையை அரை நாள் பூட்டினேன். அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

1. டிக்கெட் கைப்பையில். பெட்டியில் வைக்காதே.
2. இடுப்புப் பெல்ட்டைப் பணிப்பெண் சொல்லும்வரை அவிழ்க்காதே.
3. காது அடைத்தால் எச்சில் விழுங்கு.
4. பம்பாயில் பெட்டி சுற்றி வரும். நம் பெட்டிக்குச் சிவப்புக் கயிறு.
5. வெளியே சகலை நிற்பார். நகராமல் நில்.
6. அவர் வராவிட்டால் புக்கிங் ஆபீஸ் விலாசம் தாளின் பின்னால். டாக்சிக்காரரிடம் காட்டு.
7. யார் கொடுத்தாலும் எதுவும் தின்னாதே.
8. போய்ச் சேர்ந்ததும் பக்கத்து லாரி ஆபீஸ் நம்பருக்கு டிரங்க் கால் போடு. பி.பி. காலாகப் போடு.

எட்டாவது முக்கியம். வெறும் நம்பர் கால் போட்டால் லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ரங்கசாமி அண்ணன் எடுத்து, மழை உண்டா வெயில் உண்டா என்று விசாரித்தே மூன்று நிமிடத்தைத் தின்றுவிடுவார். பி.பி. என்றால் பேர் சொன்ன ஆள் வந்து போனை எடுத்தால்தான் இணைப்பு. ஆள் இல்லையென்றால் கால் ரத்து. வீண் பேச்சு இல்லை.

இரண்டு முறை படிக்கச் சொன்னேன். குமாரபாளையத்தில் எட்டாவது வரை படித்தவள், தெளிவாகப் படிக்கிறாள். ஒரே ஒரு கேள்வி:

"ஏனுங்க, சன்னல் தொறக்குமாங்க?"

"தொறக்காது."

"அப்ப மூச்சு?"

காற்றழுத்தம் பற்றிப் பத்து நிமிடம் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு பெட்டியில் எலுமிச்சம்பழம் நான்கு வைத்தாள்.

ரங்கசாமி அண்ணன் சுவரைத் தாண்டிக் கத்தினார்: "மாப்ள, பொண்டாட்டிய முன்னால உட்டு வெள்ளோட்டம் பாக்கறயாக்கும்? கீழ உழுகாம இருந்தா நீ போறதா?" லாரிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது.

6-3 வியாழன்

காலை 5.10 பஸ். மேகம் இல்லை, நல்ல வானம்.

அவள் சிவப்புக்கரைச் சேலை. பெருந்துறையில் "அடுப்பு மேல பால வெச்சுட்டு வந்துட்டனோ" என்றாள். அம்மா வீட்டில்தானே இருக்கிறாள் என்றேன். அதட்டலாக வந்துவிட்டது.

விமான நிலையக் கவுண்டரில் ஒரு பெண் படிவம் நிரப்பினாள். பூங்கொடியிடம், "கணவர் பேர் என்னங்க?"

இவள் என்னைக் கையால் காட்டி, "இவருதானுங்க."

"அவர்தான், தெரியுது. பேர் என்ன?"

இவள் தரையைப் பார்த்தாள். பின்னால் வரிசை நிற்கிறது. படிவத்தைப் பிடுங்கி நானே எழுதினேன். கவுண்டர்ப் பெண் சிரித்தாள். எனக்கு எரிச்சல். இந்தக் காலத்தில் இது என்ன பழக்கம்!

உள்ளே போகும்போது திரும்பி, "வாரனுங்க" என்றாள். தாளை மடித்து முந்தானையில் முடிந்திருந்தாள். கைப்பையில் வைக்கவில்லை.

மாடியில் நின்று பார்த்தேன். அவள் படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை, சேலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணில் பட்டது: இந்தப் பக்க எஞ்சின் மூடியின் அடியில் ஒரு கருப்புத் தடம். ஒரு சாண் நீளம். ஆயில் கசிந்து காற்றில் பின்னால் இழுத்த தடம். ஆயிரம் எஞ்சினில் பார்த்திருக்கிறேன். கீழே ஓர் ஆள் நடந்து போனான். அண்ணாந்து பார்க்கவில்லை.

யாரிடம் சொல்வது? பக்கத்தில் நின்றவர் பேரனுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். பழைய தடமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விமானம் ஓடியது, எழும்பியது, சிறுத்தது, இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்கு. லாரி எஞ்சின் நின்றால் ஓரங்கட்டலாம். அவ்வளவுதான் கணக்கு, அதற்கு மேல் ஓடவில்லை.

மாலை ஏழுக்கு வீடு. ரேடியோச் செய்தி முழுக்கக் கேட்டேன். விமானம் பற்றி எதுவும் இல்லை. பக்கத்து ஆபீஸை எட்டிப் பார்த்தேன். ரங்கசாமி அண்ணன் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா: "போன் வந்துச்சா சாமி?"

"நாளைக்கு வரும்."

சோறு இறங்கவில்லை. எனக்குப் பயம் எல்லாம் இல்லை. வெயில்.

7-3 வெள்ளி

காலை ஈரோடு போக வேண்டியிருந்தது, பட்டறைக்கு உதிரி வாங்க. போகாமல் இருந்திருக்கலாம். மதியம் இரண்டுக்குத் திரும்பினேன். நேரே லாரி ஆபீஸ்.

"அண்ணா, எனக்குப் போன் வந்துதா?"

"உனக்கா? இல்லியே மாப்ள."

திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்:

"உன்ற சம்சாரத்துக்குத்தான் வந்துச்சு. ரெண்டு தடவ."

"யாருக்கு?"

"பூங்கொடிக்கு. நேத்து சாயங்காலம் நான் கெளம்பறப்ப ஒருக்கா, இன்னைக்குக் காத்தால ஒருக்கா. பம்பாய்ல இருந்து பி.பி. கால். பூங்கொடி இருக்காங்களான்னு ஆப்பரேட்டர் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். அந்தப் புள்ள பிளேன்ல பம்பாய் போயிருச்சுங்கன்னேன். பிளேன்லயான்னு அவன் அசந்துட்டான்னா பாத்துக்கோ. ஆள் இல்லைனா கேன்சல்னு வெச்சுப்புட்டான்."

பெருமையாகச் சொல்கிறார்.

பம்பாயிலிருந்து பூங்கொடியைக் கேட்கிறார்கள். பம்பாயில் அவள் இருந்தால் சங்ககிரியில் அவளை ஏன் கேட்க வேண்டும்?

யோசித்தது:
சகலை கூப்பிட்டிருப்பார். விமான நிலையத்தில் அவளைக் காணவில்லை. கிளம்பினாளா என்று விசாரிக்கிறார்.
அல்லது விமானக் கம்பெனி. பயணிகள் பட்டியலில் இருப்பது அவள் பேர் மட்டும்தான்.

இரண்டாவதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிய பிறகு அதுதான் கண் முன் நிற்கிறது. அந்தக் கருப்புத் தடம்.

தபால் ஆபீஸ் ஓடினேன். சகலை ஆபீஸ் நம்பருக்கு அர்ஜென்ட் கால் புக் செய்தேன். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். மணி அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. மறுபடி புக் செய்தேன். இந்த முறை லைனே இல்லை. தந்தி கொடுத்தேன்: பூங்கொடி வந்தாளா, உடனே பதில். கிளார்க் வார்த்தை எண்ணிக்கொண்டே, "வீட்ல கோவிச்சுட்டுப் போயிட்டாங்களா தம்பி?" அடித்துவிடுவேன் போலிருந்தது.

ரேடியோ. எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதை நம்பலாமா?

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சாமி விளக்கை இன்று இரண்டு முறை ஏற்றினாள்.

சேர்ந்து போயிருந்தால் 69 கூப்பன் குறைந்திருக்கும். அறுபத்தொன்பது! கடன் கேட்டிருந்தாலும் ஈரோட்டுப் பட்டறைக்காரர் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. எண்பது மிச்சம் என்று மார் தட்டினேன்.

பட்டியலில் ஏழாவது: யார் கொடுத்தாலும் தின்னாதே. காலையில் ஒரு இட்லியோடு போனவள். ஒருவேளை எங்காவது உட்கார்ந்திருந்தால், தின்னாமல் உட்கார்ந்திருப்பாள். நான் எழுதியதை அப்படியே செய்வாள்.

8-3 சனி

விடிந்ததிலிருந்து லாரி ஆபீஸில். ரங்கசாமி அண்ணன் வருவதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து இன்று கிண்டல் இல்லை. தானே போய் டீ வாங்கி வந்தார்.

நாளை என் விமானம். போவதா? போனால் அங்கே தேடலாம். கிளம்பிய பிறகு இங்கே போன் வந்தால்? இங்கேயே இருந்தால், அங்கே யார் தேடுவது? இரண்டு இடத்தில் ஓர் ஆள் நிற்க முடியாது.

9.40. மணி.

ரங்கசாமி அண்ணன் கையைத் தட்டிவிட்டு நான் எடுத்தேன்.

"பம்பாய் பி.பி. கால். பூங்கொடி இருக்காங்களா?"

"நான் அவங்க வீட்டுக்காரர். குடுங்க சார்."

"பூங்கொடி இருந்தாத்தான் கனெக்ஷன். இருக்காங்களா, இல்லையா?"

"யார் சார் பேசறது அந்தப் பக்கம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ரெண்டு தடவை கேன்சல். இல்லைன்னா சொல்லுங்க, வெச்சுடறேன்."

"வைக்காதீங்க! இருக்காங்க."

"கூப்பிடுங்க."

ரங்கசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாசலில் ஒரு கிளீனர் பல் விளக்கிக்கொண்டு நின்றான்.

"பூங்கொடிதான் பேசறேன்" என்றேன்.

"ஆம்பளைக் குரலா இருக்கு?"

"சளிங்க."

ஒரு நிமிடம் போலிருந்தது. டக். கடல் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து:

"ஏனுங்க?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, இருக்கறீங்களா? எங்கீங்க போனீங்க ரெண்டு நாளா?"

நான் எங்கே போனேனாம்!

சொன்னாள், அவசர அவசரமாக. அக்காவுக்கு முன்கூட்டியே வலி. சகலை ஆஸ்பத்திரியில், விமான நிலையத்துக்கு வரவில்லை. இவள் நகராமல் நின்றிருக்கிறாள், மூன்று மணி நேரம். அதே விமானத்தில் வந்த ஒரு பாலக்காட்டு அம்மா விலாசத்தைப் பார்த்து டாக்சியில் கொண்டுவந்து விட்டாளாம். ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்குமாக அலைச்சல். நேற்று ராத்திரி ஆண் குழந்தை. அக்கா சௌகரியம்.

"என்னைக் கேட்டுப் போட வேண்டியதுதானே போனை? உம் பேரச் சொல்லி உன்னையே கேட்டிருக்கற!"

"உங்க பேரை நான் எப்படீங்க சொல்றது?"

"தலையே போகும்போதுகூடவா?"

"எழுதிக் காட்டலாம்னா போன்ல எங்கீங்க காட்டறது. அதான் எம் பேரச் சொன்னேன். எம் பேரு காதுல உழுந்தா நீங்க ஓடியாருவீங்கன்னு."

பக்கத்தில் ரங்கசாமி அண்ணன், "அடக் கெரகமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வாசலுக்குப் போய், "வந்துருச்சுங்க, புள்ள நல்லா இருக்குது" என்று எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

கேட்டேன். "பயந்துட்டியா?"



"எட்டு நம்பர் போட்டு எழுதிக் குடுத்தீங்க. பயந்தா என்ன பண்றதுன்னு ஒண்ணுலயும் இல்லீங்களே."

"மூணு நிமிஷம் ஆச்சு" என்றது நடுவில் ஒரு குரல். துண்டித்துவிட்டார்கள்.

பெட்டி இன்னும் கட்டவில்லை. காலை 5.10 பஸ்.