காதுக்குள் ஓடும் மோட்டார்

மார்ச் 3

பின்பக்கம் போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் பார்த்தேன். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. திரும்பி வந்தால் வாசலில் இவள், இடுப்பில் கை.

"அது உங்க காதுக்குள்ள ஓடுற மோட்டாருங்க. அதுக்கு சுவிட்ச் நம்ம வீட்ல இல்ல. பட்டாளத்துல பீரங்கி பக்கத்துல நின்னு நின்னு வந்ததுதானே? மனு போடுங்க. காது மெஷினாவது தருவாங்க."

இவள் இவ்வளவு நீளமாகப் பேசியே நாளாயிற்று. கல்யாணமான புதிதில் வாய் ஓயாது. இப்போதெல்லாம் கேட்டதற்கு ஒரு பதில், அதோடு சரி. என்மேல் என்ன கோபமோ? கேட்கவும் பயம். பதில் காதில் விழாமல் "ஆங்?" என்று நின்றால், இருக்கிற கோபம் இரட்டிப்பாகும்.

மார்ச் 9

முன்னாள் படைவீரர் அலுவலகம். கண்ணாடித் தடுப்பு, அதில் சின்ன ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா அம்மாள். "காதுல இரைச்சலா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ராத்திரி பகலா." "ரெண்டு காதுமா?" "ரெண்டும்தான்." தட்டச்சு செய்து நீட்டினாள். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு சுலபமான வேலையையா இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்!

மார்ச் 21

காதுப் பரிசோதனை. பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டா அழுத்துங்க." என் காதில் எப்போது சத்தம் இல்லை? அழுத்தினேன். போகப்போக ஒரு சூட்சுமம் பிடிபட்டது. ஜன்னலுக்கு வெளியே பரிசோதிக்கிற பெண்ணின் தோள் லேசாக அசையும். உடனே அழுத்தினால் தலையாட்டுவாள். பட்டாளத்தில் எந்தத் தேர்விலும் நான் தோற்றதில்லை. இதிலா தோற்பேன்? "நல்லா கேக்குதே ஐயா" என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இவள் தலையில் அடித்துக்கொண்டாள். "காது கேக்கலன்னு காட்டப் போன எடத்துல பாஸாயிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்!"

மார்ச் 22

இன்று வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. இருந்ததோ என்னவோ.

ஏப்ரல் 18

மனு தள்ளுபடி. இவள்தான் சத்தமாகப் படித்தாள். "மனுதாரருக்குக் கேட்கும் திறன் நன்றாக உள்ளது. அவர் கூறும் காது எரிச்சலுக்கும் படைப் பணிக்கும் தொடர்பில்லை. சொட்டு மருந்து போடவும்."

"எரிச்சலா? நான் இரைச்சல்னுதானே சொன்னேன்?"

"நீங்க எங்க சொன்னீங்க? அந்தம்மா எரிச்சலான்னு கேட்டிருக்கும். உங்க காதுல இரைச்சலான்னு விழுந்திருக்கும். ஆமான்னு மண்டைய ஆட்டிட்டு வந்துட்டீங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இப்போதுதான் நிஜமான எரிச்சல். பொய் சொல்லிப் பணம் பிடுங்க வந்தவன்னு நெனச்சிருப்பாங்களோ? — அந்தப் பீரங்கிக்குக் குண்டு ஏத்துனது யாரு? காதுல பஞ்ச அடைச்சிக்கிட்டு நின்னது யாரு? — போகட்டும். மெஷினும் போச்சு. இனி இவள் வாயைத் திறந்தாலும் எனக்கு ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஏப்ரல் 20

மேல்முறையீட்டுக்குச் சாட்சி வேண்டும். என்னோடு அதே பீரங்கியில் நின்ற டமாரத்துக்குப் போன் செய்தேன். பட்டாளம் வைத்த பெயர் அது. அவன் தொண்டை அப்படி. இப்போது காதும் அப்படி. "சாட்சிக்கு வாடா" என்றேன். "சட்டியா? எந்தச் சட்டி?" என்றான். கடைசியில் இவளும் அவன் மனைவியும் பேசி முடித்தார்கள்.

மே 5

மேல்முறையீட்டு விசாரணை. அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னார். மரியாதையாக எழுந்து போய், குனிந்து, என் இடது காதை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். நான் காட்டியதைப் பார்த்து டமாரமும் எழுந்து வந்து தன் காதைக் காட்டினான்.

அதிகாரி நாற்காலியோடு பின்னுக்குப் போனார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"காதைக் காட்டுங்கன்னு சொன்னீங்களே, சார்."

"கதவைச் சாத்துங்கன்னு சொன்னேன்யா!"

இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நான் தோளைப் பார்த்துப் பொத்தான் அழுத்திய கதையை இவள் போட்டு உடைத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபரிசோதனைக்கு எழுதினார். "இந்தத் தடவை சுவரைப் பாத்து உக்காரவைங்க" என்று அடியில் சேர்த்தாராம். டமாரத்தையும் ஒரு மனு போடச் சொன்னார்.

மே 17

காலையில் இவள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி, "தயவுசெஞ்சு இன்னைக்கு ஃபெயிலாகுங்க" என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தோள் இல்லை, முகம் இல்லை. பொத்தானைத் தொடுவதற்குமுன் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "உங்க சத்தம் எது, என் சத்தம் எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றாள். "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா ஐயா? விட்டு விட்டு வந்தா அது என்னோடது. விடாம வந்தா உங்களோடது."

விடாமல்தான் வந்தது. கை பொத்தான்மேல் சும்மாவே இருந்தது. இவ்வளவு போய்விட்டதா என்று பயமாக இருந்தது.

ஜூலை 2

ஏற்றுக்கொண்டார்கள். இரைச்சல், செவித்திறன் குறைவு, இரண்டுக்கும் படைப் பணியே காரணம் என்று போட்டிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றதற்குப் பாராட்டு வாங்கினேன்.

ஜூலை 11

நேற்றுக் காலை மெஷின் மாட்டினார்கள். உள்ளே மோட்டார் ஓடத்தான் செய்கிறது, கொஞ்சம் தள்ளிப் போய் ஓடுகிறது. காது பழகி, பேச்சு கேட்க ஒரு வாரமாகும் என்று இவளிடம் சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பி, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். சமையலறையில் இவள் எனக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பேசிக்கொண்டும் இருந்தாள். பால்காரர் மகள் வேலைக்குப் போவது, தன் முழங்கால் வலி, தம்பி போன் செய்யாதது, நான் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பது. நிற்கவே இல்லை. இத்தனை வருஷமும் இவள் நிறுத்தவே இல்லை! செய்தித்தாளுக்குப் பின்னால் நான் அழுதேன். நேற்று முழுக்க அப்படியே கேட்டேன். இன்று காலையும் கேட்டேன்.

பத்து மணி வாக்கில், "தொட்டி நெறஞ்சிருக்கும். இவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்று வெங்காயத்திடம் சொன்னாள். எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன். இந்தத் தடவை அது நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால், கையில் கத்தியோடு என்னையே பார்த்தபடி நின்றாள்.

"எப்பலேருந்து கேக்குது?"

"இப்பதான்" என்றேன்.

"அப்ப நேத்திலேருந்து சொன்னது எதுவும் கேக்கலையா?"

"கேக்கலையே."

கத்தியை வைத்தாள். முக்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, முதல்லேருந்து சொல்றேன்."