சின்ன m, பெரிய M

செவ்வாய், 10 ஜூன்

விடியும்போதே மழை. தம்போய் சாலை நெரிசலில் இருபது நிமிடம் போனது. லேபிள் அச்சு ஆலைக்குள் நுழையும்போது செருப்பெல்லாம் ஈரம்.

இன்று பிழை பார்க்க என் மேசைக்கு வந்த லேபிள்கள்: சோயா சாஸ் (சரி). எறும்பு மருந்து (மலாயில் ஓர் எழுத்துப் பிழை). வாக்கி-டாக்கி பின்பக்க லேபிள், ஆறாயிரம். குளுவாங்கில் ஒரு கம்பெனி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. வெள்ளிக்கிழமை காலை எடுக்க வருவார்கள். அவசரம்.

அதில் 477 MHz, 12.5 KHz என்று இருந்தது. இரண்டிலும் முதல் எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டுச் சின்ன எழுத்தாக்கினேன். போன மாதம் அரிசி மூட்டை லேபிளில் KG என்று போட்டு, மொத்தமும் திரும்பி வந்ததே. kg, km, mm, ml. எல்லாமே சின்ன எழுத்து.

லேபிள் வரையும் ரூபினி கேட்டாள்: "அக்கா, MHz-ல M பெருசுதானே? ஷூர் ஆ?"

"பதினோரு வருஷமா பார்க்கிறேன்மா. சின்னதா மாத்து."

மாற்றினாள். மதியத்துக்குள் வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து கையெழுத்தும் வந்துவிட்டது.

மாலை நெத்திலி சம்பல். இவர் பஸ் ஷிஃப்ட் முடித்து வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

புதன், 11 ஜூன்

நல்ல வெயில். துணி காய்ந்தது. ஆறாயிரமும் அச்சாகிவிட்டது, நிறம் அருமை. ரூபினி சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வரவில்லை. காரணம் கேட்கவில்லை நான்.

மகள் துர்காவுக்கு நாளை பிசிக்ஸ் சோதனை. ஃபோர்ம் ஃபோர் வகுப்புக்கு வந்ததிலிருந்து புத்தகமும் கையுமாக. சாப்பாட்டுக்கு முன் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்க கேளுங்கம்மா, நான் சொல்றேன்" என்றாள்.

"மெகா?"

"பெரிய M. ஒரு மில்லியன் மடங்கு."

"மில்லி?"

"சின்ன m. ஆயிரத்துல ஒரு பங்கு."

புத்தகத்தை ஒருமுறை பார்த்தேன். இன்னொரு முறையும்.

"சின்ன m போட்டு Hz எழுதினா என்ன வரும்?"

"மில்லிஹெர்ட்ஸ். ரேடியோவுக்கு யாரும்மா அப்படி எழுதுவாங்க?"

நான் எழுதியிருக்கிறேன். ஆறாயிரம் தடவை.

கணக்குப் போட்டுக் காட்டினாள். 477 MHz என்றால் அலை ஒரு விநாடியில் 477 மில்லியன் தடவை ஆடும். 477 mHz என்றால் ஒரு தடவை ஆடி முடிக்கவே இரண்டு விநாடிக்கு மேல். தொட்டில் வேகம். இரண்டுக்கும் நடுவே ஒன்பது சைபர். H பெரியது, அது ஒரு மனிதரின் பெயர் என்பதால். மெகா, கிகா பெரிய எழுத்து; k மட்டும் ஆயிரம் மடங்காக இருந்தும் சின்னது. ஏன் என்று புத்தகத்தில் இல்லை. ஆக, இரண்டு வட்டத்தில் ஒன்று சரி, ஒன்று பெரிய தப்பு.

சாப்பிட்டதும் இவரிடம் சொன்னேன். "அவங்கதான் சைன் பண்ணிட்டாங்கல்ல? விடு லா." அதுவே நியாயம் என்றும் தோன்றியது. கொஞ்ச நேரம்.

வியாழன், 12 ஜூன்

7.40-க்கே ஆலை. பெட்டிகள் டேப் ஒட்டி வாசலருகே தயார். மேலே வேலைத்தாள்: 'வரைந்தவர்: ரூபினி'. என் சிவப்பு வட்டம் போட்ட தாள் தனியாக அலமாரிக்குள். நாளைக்குப் புகார் வந்தால் முதலில் யார் பெயர் கண்ணில் படும்? அவளுடையது.

நேரே முதலாளி அறைக்குப் போனேன். மிஸ்டர் லிம் அப்போதுதான் கோப்பிக் குவளையின் மூடியைத் திறந்தார். மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். ரூபினி சரியாக வரைந்த M-ஐ நான்தான் தப்பாக்கினேன் என்பதையும். "அலமாக்" என்று தலையில் கைவைத்தார். வாடிக்கையாளர் கையெழுத்து இருக்கிறதே என்றார், வீட்டில் இவர் சொன்னது போலவே. பிறகு கோப்பியைக் கீழே வைத்து, நீயே போன் பண்ணு என்றார்.

அந்தக் கம்பெனியின் பொறியாளர் மெய்யப்பன். இதற்கு முன் பேசியதில்லை.

"சார், MHz-ல M சின்னதா அச்சாயிருச்சு. திருத்தினது நான்தான்."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம்.

"ஆமா. இங்க கையெழுத்துப் போட்டது கிளார்க். என் மேசைக்கே வரல."

"அப்படியே அனுப்பினா என்ன ஆகும் சார்?"

"பாதிப் பேரு கவனிக்க மாட்டாங்க. அங்க சோதனை பண்றவரு கவனிச்சா மொத்த சரக்கும் நின்னுரும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

முடியும் என்றேன், யாரையும் கேட்காமல்.

அப்புறம் ரூபினி. கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"முந்தாநாள் நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்."

"சரியா தப்பாங்கிறது இல்லக்கா. பதினோரு வருஷம்னு சொன்னீங்க பாருங்க, அதான் வலிச்சுது."

மன்னிச்சிரும்மா என்றேன். தலையாட்டினாள். மதியம் தன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பீன்ஸ் பொரியல். பாதி எனக்கு.

சனி, 14 ஜூன்

வானத்தில் மப்பு. மழை இல்லை.

நேற்று மறு அச்சு. இன்று நானும் ரூபினியும் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு சுருளையும் பார்த்தோம். M பெரிது, k சிறிது, H பெரிது, z சிறிது. சொல்லிச் சொல்லி கடைசியில் பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

11.30-க்கு மெய்யப்பனே காரில் வந்தார். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேல். ஒரு லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே என் கையெழுத்து இல்லாம எதையும் அச்சடிக்காதீங்க" என்றார். முதலில் சரியாகச் சொன்னது ரூபினி என்று சொன்னேன். போகும்போது அவளிடம், நீங்க இதையெல்லாம் எங்க படிச்சீங்க என்று கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறைய சந்தோஷம்.

ஞாயிறு, 15 ஜூன்

எங்கே பார்த்தாலும் கண் அதற்கே போகிறது. இன்று மட்டும்:
– மளிகைக் கடையில் வெங்காயம் '1 KG'
– கோயில் ஒலிபெருக்கியில் '20 KHz'
– வீட்டு வைஃபை பெட்டியில் 2.4 GHz (சரி. G பெரியதுதான், துர்கா சாட்சி)

"கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதே" என்றார் இவர்.

துர்கா சோதனை நன்றாகச் செய்தாளாம். மீன் கறி. மதியம் நல்ல தூக்கம்.

திங்கள், 16 ஜூன்

புது ஏற்பாடு. லேபிள் தாளில் இனி இரண்டு கையெழுத்து, என்னுடையதும் ரூபினியுடையதும். மிஸ்டர் லிம் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

பத்து மணிக்கு ரூபினி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வைட்டமின் மாத்திரை, 500 Mg. பெரிய M. ஒரு மாத்திரையில் ஐந்நூறு டன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அந்த மாத்திரை விற்கும் கடைக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், கொஞ்சம் எரிச்சலோடு.

"எல்லாரும் அப்படித்தாங்க போடுறாங்க."

"ஆமாங்க. நானும் போட்டிருக்கேன்."