பச்சைக் கையுறைப் புத்தகம்

செம்மநத்தம்
4-2-2024

மரியாதைக்குரிய ரைட்டரய்யாவுக்கு, ஐயாக்கண்ணு கும்பிட்டுச் சொல்லி எழுத வைத்தது.

நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று ஏற்காட்டு டீக்கடை ரேடியோவில் சொன்ன வருஷம். ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்ததும் அதே வருஷம்தான். எஸ்டேட் போர்டில் மெட்ராஸ் என்ற எழுத்தை அழிக்க ஏணி போட்டவன் கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அந்த வருஷத்துக் காப்பியை அடுத்த தை மாசம் பொறுக்குக் கொட்டகையில் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கறுப்புக் கொட்டை ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம். சோற்றுக்குப் பிறகு, எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டரான நீங்கள் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பீர்கள். பேச்சு நின்று கை வேகமாக ஓடும் என்பதால் முதலாளியும் சரி என்றார். எல்லாம் அப்படியே இருக்கிறது, என் தலைக்குள்.

போன வாரம் உங்கள் மகன் மெல்வின் தம்பி காரில் வந்தார். உங்கள் பேரில் இங்கே ஒரு படிப்பகம் கட்டியிருப்பதாகவும், மே மாதம் சேர்வராயன் திருவிழா முடிந்ததும் திறப்பதாகவும் சொன்னார். அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். என்னென்ன புத்தகம் வைக்கலாம் என்றும் கேட்டார். எழுத்துத் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். உங்களுக்கு இப்போது காது கேட்பதில்லை, போனில் பேச முடியாது என்றும் சொன்னார். அதனால்தான் கடுதாசி. பக்கத்து வீட்டு ஜெயமேரியம்மா எழுதுகிறார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவரும் அவர்தான்.

நீங்கள் வாசித்ததை நான் அட்டையை வைத்துத்தான் சொல்ல முடியும். மிளகுக் கொடி ஏற்றுகிற முறை, அதில் ஒரு மரமும் ஏணியும். பாம்பு கடித்தால் என்ன செய்வது, சிவப்பு அட்டை. பிள்ளைப்பேறு பற்றி ஒன்று. அதை வாசிக்கும்போது ஆம்பிளைகளை வெளியே அனுப்பினீர்கள், நாங்கள் ஓலைச் சந்தில் காதை வைத்துக் கேட்டோம். ஒரு ராஜா ராணிக் கதையில் ராணிக்குக் குப்பாயி என்று பேர் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் பேர் அச்சில் வந்துவிட்டது என்று குப்பாயி மறுநாள் உங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள்.

கடைசியாகத் துப்பறியும் கதை. அட்டையில் பச்சைக் கையுறை போட்ட ஒரு கை, சாவியைப் பிடித்திருக்கும். அது கட்டாயம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரம்மா தேவகுமாரியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு (கைநாட்டு)


பெங்களூர்
19-2-2024

அன்புள்ள ஐயாக்கண்ணுவுக்கு,

ஆண்டவர் உனக்குச் சுகமும் பெலனும் தருவாராக. உன் கடிதத்தைத் தேவகுமாரிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கு இப்படி ஒரு ஞாபகமா என்று அவள் வாயைப் பிளந்தாள். நான் வாசித்ததன் பலன் என்றேன், விளையாட்டாக.

படிப்பகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பதுதான் இப்போது என் ஒரே வேலை. தேனீ வளர்ப்பு வைத்திருக்கிறேன். பைக் ரிப்பேர், முதலுதவி, வேலைக்கான பரீட்சைக் கையேடு, பலாக்காயிலும் கொய்யாவிலும் ஊறுகாய் போடுவது. பெண்களுக்குத் தையல். பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைப் பற்றிப் படத்தோடு ஒன்று. கதையும் இருக்க வேண்டியதுதான், ஊறுகாய் மாதிரி இலை ஓரத்தில். துப்பறியும் கதையே வேண்டுமென்றால் இப்போது வருகிறதில் எவ்வளவோ நல்லது இருக்கிறது, நானே வாங்கி அனுப்புகிறேன். நீ சொல்கிற புத்தகம் என்னிடம் இல்லை. ஏற்காட்டு வீட்டிலேயே கரையான் தின்றுவிட்டது.

வாசலில் கல் பதிக்கிறார்கள். 'எழுத்தறியாதவர் காதுக்கு எழுத்தைக் கொண்டு வந்தவர்' என்று வெட்டுகிறார்களாம். அந்தக் கல்லுக்கு உன் வாய்ச்சொல்தான் சாட்சி. எண்பத்தொரு வயதில் வேறென்ன வேண்டும் எனக்கு? சுருக்கமாகப் பேசு. பழைய வருத்தம் எதையும் கிளற வேண்டாம். உன் தம்பி முருகன் எப்போதோ தவறிவிட்டதாகக் கேள்வி. அவன் ஆத்துமாவுக்காக நான் ஜெபிக்காத நாளில்லை.

அன்புடன்,
ம. சிங்கராயர்


செம்மநத்தம்
10-3-2024

ரைட்டரய்யாவுக்குக் கும்பிடு.

உங்கள் கடிதமும் நீங்கள் அனுப்பிய பார்சலும் வந்தன. தேனீப் புத்தகத்தை ஜெயமேரியம்மா முழுக்க வாசித்தார். அதில் எழுதியபடியே பெட்டி வைத்தேன்; எழுதியபடியே கொட்டியது. ஊறுகாய்ப் புத்தகமும் அப்படித்தான், போட்ட உப்புக்குச் சரியாக வந்தது. அச்சில் வந்ததை மாற்றாமல் வாசித்தால் நொம்ப நல்லதுதானுங்க. நட்சத்திரப் புத்தகத்தைக் கேட்டுவிட்டு வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். இத்தனை நாளாக நான் வேறு எதையோ சப்தரிஷி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துப்பறியும் கதைகளில் நீங்கள் அனுப்பியது மூன்று. எல்லாவற்றிலும் திருடன் யாரென்று பாதியிலேயே சொல்லிவிட்டேன். ஜெயமேரியம்மாவுக்குக் கோபம். "ஏனுங்க, நீங்க முன்னாடியே கேட்டுட்டு வந்து எங்கிட்ட நடிக்கறீங்களா?" என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வது? யார் மேல் பழி விழுந்தால் யாருக்கு நிம்மதி என்று பார்த்தால் போதும். அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

நீங்கள் கிளற வேண்டாம் என்று எழுதியதால் சொல்கிறேன். பச்சைக் கையுறைப் புத்தகத்தின் கடைசிப் பாகத்தை நீங்கள் வாசித்தது ஒரு வெள்ளிக்கிழமை. பங்களாவில் நகையைத் திருடியது முருகன் என்கிற தோட்டக்காரன், பின்பக்க ஜன்னல் வழியாக வந்தான் என்று வாசித்தீர்கள். கொட்டகையே திரும்பி என் தம்பியைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். குப்பாயி ராணி ஆனாள், நான் திருடன் ஆயிட்டேன் என்றான். மேனகாவோடு அவனுக்குப் பரிசம் போட்டிருந்த நேரம். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஸ்டோரில் மிளகு மூட்டை காணாமல் போனது. பின்பக்க ஜன்னல் திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில் படுக்கிறவன் முருகன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, புத்தகத்திலேயே போட்டிருந்ததே. எங்கப்பா உலக்கையை எடுத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் ஆபீஸ் வாசலில் நின்றீர்கள். என் தம்பி உங்கள் காலடியில் விழுந்து கேட்டான்:

"ரைட்டரய்யா, அதுல எம்பேரு இல்லீன்னு மட்டும் சொல்லுங்க சாமி."

நீங்கள் சொன்னது: "எழுதியிருக்கறதத்தான்டா நான் படிச்சேன்."

அதற்கப்புறம் எங்கப்பா அவன் வலது கையை ஸ்டோர் படியில் வைத்து இடித்தார். மலையை விட்டு இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தலை முழுகினார். பங்குனி கழித்து லாரி டிரைவர் அந்த மிளகோடு சேலத்து மண்டியில் பிடிபட்டான். அதற்குள் மேனகாவை வாழவந்தியில் கட்டிக்கொடுத்தாயிற்று.

அந்தப் புத்தகம் படிப்பகத்தில் இருந்தால் நான் பேசுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் காது கேட்பதில்லை என்று மெல்வின் தம்பியிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு (கைநாட்டு)


பெங்களூர்
27-3-2024

ஐயாக்கண்ணு,

உன் கடிதத்தைத் தேவகுமாரிக்குக் காட்டவில்லை. அவளுக்கு இந்த விஷயம் தெரியாது. மெல்வினுக்கும் தெரியாது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ கேட்பது என்ன? நான் வாசிக்கும்போது பேர்களை மாற்றினேன், உண்மை. புத்தகத்தில் இருக்கிற பேர்கள் உங்கள் வாயில் நுழையாது. அதனால் கொட்டகையில் இருக்கிறவர்கள் பேரையே போடுவேன். உன்னை ஒரு கதையில் தளபதி ஆக்கினேன், மறந்துவிட்டாயா? அன்றைக்கு முருகன் முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான், அவன் பேர் வாயில் வந்தது. வேறொன்றும் இல்லை. வேடிக்கை. நீங்களும்தானே சிரித்தீர்கள்?

உலக்கையை எடுத்தது உன் அப்பா. நான் அல்ல. வாசலில் அத்தனை பேர் முன்னால், இதுவரை வாசித்த பேரெல்லாம் பொய் என்று நான் சொல்லியிருந்தால், மறுநாள் பாம்புக்கடிப் புத்தகத்தை யார் நம்பியிருப்பார்கள்? அந்தப் புத்தகத்தால் பிழைத்தவன் கிறிஸ்துதாஸ். அதை எண்ணிப் பார். ஒருவன் கை போனது, பல பேர் உயிர் நின்றது.

செத்தவனுக்கு இனி என்ன செய்ய முடியும்? சொல், செய்கிறேன். கதைப் புத்தக அலமாரிக்கு அவன் பேரை வைக்கச் சொல்கிறேன். உனக்குக் கண் ஆபரேஷன் வேண்டும் என்று மெல்வின் சொன்னான், அதையும் பார்த்துக்கொள்கிறோம். வயதான காலத்தில் என்னைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் ஒருவரையும் இப்படிக் கேட்டதில்லை.

சிங்கராயர்


செம்மநத்தம்
14-4-2024

ரைட்டரய்யாவுக்கு, சித்திரை முதல் நாளில் ஐயாக்கண்ணு எழுத வைத்தது.

நான் விழாவில் பேசுகிறேன். மெல்வின் தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் பயப்படுகிற எதையும் என் வாயால் சொல்லப்போவதில்லை. நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கையெடுத்துக் கும்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை ஜெயமேரியம்மாவைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நன்றாக இருந்தது.

புத்தகம் கரையானுக்குப் போகவில்லை. உங்கள் ஏற்காட்டு வீட்டை ஒழிக்கும்போது மெல்வின் தம்பி பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து, படிப்பகத்துக்கு ஆகிறது எது, ஆகாதது எது என்று பொறுக்கித் தரச்சொல்லி ஜெயமேரியம்மாவிடம் கொடுத்திருந்தார். காப்பிக்கொட்டை மாதிரிதான் பொறுக்கினோம். அவர் அட்டையைச் சொல்வார், நான் எந்தப் பக்கம் என்று சொல்வேன். பச்சைக் கையுறை வந்தது. முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்து. உங்களுக்கு நான் எழுதிய முதல் கடுதாசிக்கு முன்னமே அதைக் கடைசிவரை வாசித்துக் கேட்டுவிட்டேன்.

வாயில் நுழையாத பேர் என்று எழுதினீர்கள். அச்சில் தோட்டக்காரனே கிடையாது. ஜன்னலும் கிடையாது. திருடியவருக்குப் பேர்கூட இல்லை, கதை முழுக்க அவரை ரைட்டர் என்றே போட்டிருக்கிறது. பங்களாவின் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிகிற ரைட்டர். கூலிக்காரர்கள் முன்னால், திருடினது ரைட்டர் என்று வாசித்தால் நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பைத் தாங்க உங்களால் முடியவில்லை. அதற்காகத் தோட்டக்காரனை உண்டாக்கினீர்கள், ஜன்னலை உண்டாக்கினீர்கள், ஒரு பேரையும் போட்டீர்கள். மிளகு போன அன்றைக்கு ஸ்டோர் சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. புத்தகத்தில் இருந்தபடி வாசித்திருந்தால் கொட்டகை யாரைத் திரும்பிப் பார்த்திருக்கும்? அதை மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் வாசலில் நின்றீர்கள். வேடிக்கை இல்லைங்க அது.

இப்போது விழா விஷயம். மெல்வின் தம்பியிடம் நான் ஒரே ஒரு ஆசை சொன்னேன். அந்தக் காலம் மாதிரி ரைட்டரய்யா ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும், நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அழைப்பிதழில் போட்டுவிட்டார். எந்தப் புத்தகம் என்பது மேடையில்தான் தெரியும், அது அப்பாவுக்கு இன்ப அதிர்ச்சி என்று என்னிடமே ரகசியம் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் அடையாளத்துக்குக் கோழி இறகு ஒன்றை வைத்திருக்கிறேன்.

வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெரிய எழுத்தில் எடுத்துத் தருகிறார்களாம். அதே பக்கங்களை நகல் எடுத்துச் சபையில் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது நம் மலையில் பிள்ளைகள் எல்லாம் படித்தவர்கள். விரலை வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு பேரைக்கூட மாற்ற முடியாது. உங்கள் மகனும் முன்னால்தான் இருப்பார், கல்லில் வெட்டினதற்குக் கீழே. தேவகுமாரி அம்மாவையும் அவசியம் அழைத்து வரவும்.

வராமல் இருந்தால் அதே அத்தியாயத்தை ஜெயமேரியம்மா வாசிப்பார். வாசித்த பிறகு, வாசலில் நீங்கள் சொன்ன வார்த்தையை நான் சொல்வேன். வந்தால் சொல்ல மாட்டேன். உங்கள் இஷ்டம்.

கண் ஆபரேஷன் வேண்டாம். நான் கேட்கத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு (கைநாட்டு)

கைநாட்டு வைத்தாயிற்று. மை காய்வதற்குள் இன்னொன்றையும் எழுதச் சொல்கிறேன். கொட்டகையில் அன்றைக்கு உங்களிடம் கதை கேட்டவர்களைப் பற்றி விசாரிப்பீர்கள் என்று பார்த்தேன், விசாரிக்கவில்லை. டிரைவர் பிடிபட்ட பிறகும் எங்கப்பா அச்சை நம்பியபடியே செத்தார். மேனகா மூன்றாவது பிரசவத்தில் போனாள். கிறிஸ்துதாஸ் பாம்புக்குத் தப்பி பஸ்ஸில் அடிபட்டான். குப்பாயி போன ஐப்பசியில். சாகிற வரைக்கும் தன் பேர் அச்சில் வந்ததென்று சொல்லிக்கொண்டிருந்தாள், நான் மறுக்கவில்லை. என்னைத் தவிர ஒருத்தன் மட்டும் பாக்கி. எங்கப்பா தலை முழுகினதைக் கேட்டு அவன் செத்தான் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டீர்கள். யார் எதை வாசித்துச் சொன்னாலும் நம்ப மாட்டான். மாத்திரைச் சீட்டை நர்ஸ் வாசித்துச் சொன்னபோதும் நம்பவில்லை. சர்க்கரை வியாதியில் ஒரு கால் போயிற்று. மலையை விட்டு இறக்கிய பிறகு ஒரு நாளும் மேலே ஏறாதவன், இப்போது குப்பனூரிலிருந்து பஸ் ஏறி வரச் சம்மதித்திருக்கிறான். முதல் வரிசையில் நடு நாற்காலி அவனுக்குத்தான். வாசிக்கும்போது தலையைத் தூக்கினால் முதலில் தெரிகிற முகம் அது. என் தம்பி முருகன்.